நோயின் தலையில் கட்டும் பழி

முடக்குவாதமோ லூபஸோ உள்ள ஒருவர் மாரடைப்பு வந்து பிழைக்காமல் போனால், அதற்கான காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. "ஏற்கெனவே உடம்பு முழுக்க நோய். இதயம் எப்படித் தாங்கும்?" உறவினர்கள் இதைச் சொல்கிறார்கள். மருத்துவர்களும் சொல்கிறார்கள், கொஞ்சம் கௌரவமான மொழியில். இப்போது இந்த எண்ணத்துக்கு ஆய்வின் முத்திரையும் கிடைத்துவிட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய்கள், அதாவது தன்னுடல் தாக்குநோய்கள், உள்ளவர்களுக்கு மாரடைப்புக்குப் பிறகு இறக்கும் வாய்ப்பு 15 சதவீதம் அதிகம் என்கிறது அந்த ஆய்வு. எண் கையில் கிடைத்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. நோய் கொடியது, எண்ணே சொல்கிறது, இனி நம் கையில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது என்பதே என் வாதம். எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. அதை வைத்துக்கொண்டு செய்யப்படும் சமாதானத்தோடுதான் சண்டை.

முதலில் அந்த எண்ணின் பிறப்பிடத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் மெடிகேர். 2014 முதல் 2019 வரை அதன் பதிவேடுகளில் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்த, 65 வயதை எட்டியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 3.6 சதவீதம் பேருக்கு முடக்குவாதம், லூபஸ், சோரியாசிஸ், ஸ்கிளீரோடெர்மா, தசை அழற்சி போன்றவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. முடக்குவாதம்தான் மிக அதிகம். அம்காத் மென்டியாஸ் தலைமையிலான குழு இப்படிப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரை எடுத்து, வயது, பால், கூடவே உள்ள பிற நோய்கள் எல்லாம் ஒத்துப்போகும் ஏறத்தாழ 1,78,000 பேரோடு ஒப்பிட்டது. சுமார் 2 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், முதல் தரப்பில் இறப்பு 15 சதவீதம் கூடுதல். இதயச் செயலிழப்போடு மீண்டும் மருத்துவமனையில் சேர்வது 12 சதவீதம் கூடுதல், இன்னொரு மாரடைப்பு 8 சதவீதம் கூடுதல். 2022 செப்டம்பரில் அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வு, சந்தேகமில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களுக்கு ஆஞ்சியோகிராமும், அடைப்பை நீக்கும் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சிகிச்சையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே செய்யப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு தரப்புக்குச் சிகிச்சை குறைவு. அதே தரப்பில் சாவு அதிகம். இதைப் பார்த்துவிட்டு "நோய்தான் கொன்றது" என்று ஒருவர் எப்படி அடித்துச் சொல்ல முடியும்?

இதற்கு வழக்கமாக வரும் பதில், அவர்கள் சிகிச்சையைத் தாங்கும் நிலையில் இருந்திருக்க மாட்டார்கள், அல்லது அவர்களுடைய ரத்தக்குழாய்களின் அமைப்பு ஸ்டென்ட் வைக்கத் தோதாக இருந்திருக்காது என்பது. இருக்கலாம். ஆனால் காப்பீட்டுப் பதிவேட்டில் ரத்தக்குழாயின் படம் கிடையாது. எந்தக் குழாயில் எவ்வளவு அடைப்பு, அந்த நேரத்தில் மூட்டுவாதம் சீறிக்கொண்டிருந்ததா அடங்கியிருந்ததா என்பதெல்லாம் பில் போடும் பதிவில் ஏறாது. ஆக அந்தப் பதில் ஒரு ஊகம். நோயாளியை ஆஞ்சியோகிராம் செய்யும் காத்லேப்புக்கு அழைத்துப்போகாததற்கு மருத்துவரின் தயக்கமே காரணமாக இருந்திருக்கலாம் என்பதும் ஊகம்தான். இரண்டு ஊகங்களில் ஒன்றை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்வது வசதிக்காகச் செய்வது. அந்த வசதி யாருக்கு என்பது வேறு கேள்வி.

15 என்ற எண்ணை இன்னொரு கோணத்திலும் தவறாகப் படிக்கிறார்கள். "15 சதவீதம்தானே, பெரிய வித்தியாசமா?" என்று தோளைக் குலுக்குகிறவர்களைச் சொல்கிறேன். இந்த ஆய்வில் உள்ளவர்களின் சராசரி வயது 77 அளவில். 77 வயதில் மாரடைப்பு வந்தால் யாருக்குமே ஆபத்துதான். அங்கே கூடுதல் 15 என்பது ஏற்கெனவே உயர்ந்த மேட்டின்மேல் ஏறுகிற கூடுதல். லூபஸ் யாருக்கு வருகிறது? பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு. அவர்களில் 65ஐ எட்டாமலே போனவர்கள் இந்த ஆய்வுக்குள் வந்திருக்கவே முடியாது. எட்டியவர்கள் அந்த நோயைத் தாண்டி வந்த வலுவானவர்கள். அவர்களை வைத்துக் கிடைத்த எண்ணை 38 வயதுப் பெண்ணுக்குப் பொருத்துவது பெரிய தப்பு.

1997இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சூசன் மான்சி குழு செய்த ஆய்வு இன்றும் மூட்டுவாத வகுப்புகளில் பேசப்படுகிறது. லூபஸ் உள்ள 35 முதல் 44 வயது வரையிலான பெண்களுக்கு, அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட மாரடைப்பு 50 மடங்குக்கும் மேல். அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சில மடங்கு என்றாலே அச்சப்பட வேண்டிய இடத்தில் ஐம்பது. 2022இல் நத்தாலி கான்ராட் குழு பிரிட்டனின் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து 19 தன்னுடல் தாக்குநோய்களை ஆராய்ந்தபோதும் இதே சாயல்தான். இதய, ரத்தக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு மொத்தத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 45 வயதுக்குக் குறைந்தவர்களிடம் இரண்டு மடங்கையும் தாண்டியது. வயது குறையக் குறைய மற்றவர்களோடு உள்ள இடைவெளி கூடுகிறது.

மெடிகேர் ஆய்வில் இரு தரப்பையும் பொருத்திப் பார்த்த முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதே கோளாறு உள்ளவர்களோடு ஒப்பிடுவது நியாயமான ஏற்பாடு போலத்தான் தெரியும். ஆனால் லூபஸ் உள்ள பெண்ணின் சிறுநீரகம் பெரும்பாலும் லூபஸாலேயே கெட்டது. அதைச் சமன்செய்துவிட்டால் நோய் செய்த சேதத்தில் ஒரு பங்கைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டோம் என்று பொருள். ஆக, 15ஐக் காட்டி விதி என்கிறவர்களும் சரி, 15ஐக் காட்டி அற்பம் என்கிறவர்களும் சரி, அந்த எண்ணால் தாங்க முடியாத பாரத்தை அதன்மேல் ஏற்றுகிறார்கள்.

இனி என் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். அது ஒரு மாத்திரை.

1999இல் மெர்க் நிறுவனம் வயாக்ஸ் என்ற பெயரில் ரோஃபெகாக்சிப் வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வயிற்றைப் புண்ணாக்காத வலி மாத்திரை என்பது அதன் பெருமை. அந்தப் பெருமையை நிரூபிக்க நடந்த விகர் என்ற சோதனையில் சேர்க்கப்பட்ட 8,076 பேரும் முடக்குவாத நோயாளிகள். பாதிப் பேருக்கு ரோஃபெகாக்சிப், பாதிப் பேருக்குப் பழைய நாப்ராக்சென். 2000 நவம்பரில் முடிவு வெளியானது. வயிற்றுப் புண் உண்மையிலேயே குறைந்திருந்தது. கூடவே, நாப்ராக்சென் எடுத்தவர்களில் 0.1 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்திருந்த இடத்தில், ரோஃபெகாக்சிப் எடுத்தவர்களில் 0.4 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. நான்கு மடங்கு. நாப்ராக்சென் இதயத்தைக் காப்பாற்றுகிறது, அதனால்தான் அந்தப் பக்கம் குறைவு என்று விளக்கம் சொல்லப்பட்டது. இன்னும் நான்கு ஆண்டுகள் மாத்திரை விற்றது. 2004 செப்டம்பர் 30 அன்று, வேறொரு சோதனையில் வெறும் பாவனை மாத்திரையோடு ஒப்பிட்டபோதும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால், நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

வயாக்ஸ் கதையை மருந்து நிறுவனங்களின் பேராசைக்கு உதாரணமாகப் பலர் எழுதிவிட்டார்கள். நான் கேட்பது வேறு. அந்தச் சோதனையில் இரு தரப்பும் முடக்குவாத நோயாளிகளே. ஆகவே கூடுதல் மாரடைப்புகளை முடக்குவாதத்தின் தலையில் கட்ட வழியில்லாமல் போயிற்று. ஒப்பீட்டுக்கு இன்னொரு பாதி இல்லாமலிருந்து, ஊரில் சாதாரணமாக அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மாரடைப்பு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? முடக்குவாத நோயாளி, அழற்சி அதிகம், இதயம் பாதிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மாத்திரையின் பெயரே வந்திருக்காது. அப்படி எழுதப்பட்ட சாவுகள் உலகம் முழுக்க எத்தனை என்று இனி யாராலும் எண்ண முடியாது.

இது பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. முடக்குவாதத்துக்கு வந்த புதிய மாத்திரைகளில் ஒன்று டோஃபாசிட்டினிப். 50 வயதைக் கடந்த, இதய நோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள 4,362 முடக்குவாத நோயாளிகளிடம் அதை டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டுமே அழற்சியை அடக்குபவை. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்து மாத்திரைத் தரப்பில் 3.4 சதவீதம், ஊசித் தரப்பில் 2.5 சதவீதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இங்கேயும் நோய் ஒன்றே. மருந்து மாறியதும் இதயத்தின் கதி மாறுகிறது.

சாதாரண வலி மாத்திரைகளுக்கே வருவோம். நம் ஊரில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் நாளுக்கு 150 மில்லிகிராம் என்ற அளவில் தொடர்ந்து எடுத்தால், மாரடைப்பு போன்ற பெரிய ரத்தக்குழாய் விபத்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன என்று 2013இல் பல நூறு சோதனைகளைத் தொகுத்த ஆய்வு காட்டியது. டென்மார்க்கில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 83,677 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 42 சதவீதம் பேர் பின்னாளில் இவ்வகை வலி மாத்திரை வாங்கியிருந்தார்கள். குறுகிய நாட்கள் எடுத்தவர்களிடம்கூட மறு மாரடைப்பும் சாவும் கூடின. இபுபுரூஃபெனை ஆஸ்பிரினுக்கு முன்னால் போட்டுக்கொண்டால் ஆஸ்பிரினின் வேலையையே அது கெடுக்கும் என்பது 2001 முதலே தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர் கூடவே வலி மாத்திரை எடுத்தால் ரத்தக்கசிவு இரட்டிக்கிறது. மாரடைப்பு வந்து வீடு திரும்பிய முடக்குவாத நோயாளியைவிட வலி மாத்திரைக்கு அதிகம் ஏங்குபவர் யார்? காலையில் விரல் மடங்காது. இதய மருத்துவர் மூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கடைக்காரர் கேட்கிறார், கொடுக்கிறார். ஸ்டீராய்டு கலந்த பெயரில்லாப் பொட்டலமாகவும் கொடுக்கிறார். அதில் என்ன எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்படி ஆறு மாதம் போய் இரண்டாவது மாரடைப்பு வந்தால், அது "நோயின் போக்கு" ஆகிவிடுகிறது.

மாரடைப்பை அடையாளம் காணும் இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் மாவட்ட மக்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், முடக்குவாதம் உள்ளவர்கள் நெஞ்சுவலியை மற்றவர்களைவிடக் குறைவாகவே சொல்லியிருந்தார்கள். அதே ஆட்களிடம் யாரும் கவனிக்காமல் வந்துபோன மாரடைப்பும் திடீர் இதயச் சாவும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. தோள் வலி, தாடை வலி, களைப்பு எல்லாம் இவர்களுக்கு அன்றாடம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் எச்சரிக்கை மணியை அமுக்கிவிடும். நோயாளியும் அதை மூட்டுக்கு எழுதிவிடுகிறார், பார்க்கிறவரும் எழுதிவிடுகிறார்.

ரத்தப் பரிசோதனைத் தாளும் ஏமாற்றும். முடக்குவாதம் சீறும்போது கெட்ட கொழுப்பின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும். மேயோ கிளினிக்கில் செய்த ஆய்வில் மொத்தக் கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக இருந்த முடக்குவாத நோயாளிகளுக்கு இதய ஆபத்து கூடியிருந்தது. "கொலஸ்ட்ரால் நார்மல், பயப்படாதீங்க" என்ற ஆறுதல் இவர்களிடம் தலைகீழாகப் போகிறது.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிராமத்துச் சிறு மருத்துவமனையையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனையையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையில் கோத்து, மாரடைப்பு நோயாளிகளுக்கு விரைந்து சிகிச்சை தரும் ஏற்பாடு ஒன்று இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. 2017இல் வெளியான முடிவுப்படி, 2,420 நோயாளிகளில் ஓராண்டுச் சாவு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதத்துக்கு இறங்கியது. மக்கள் அவர்களேதான், நோயும் அதேதான். ஏற்பாடு மாறியதும் "விதி" மாறிற்று. ஆனால் அந்த ஏற்பாடு ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு உயர்ந்து பளிச்சென்று தெரியும் மாரடைப்புக்கானது. தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களுக்கு, மெடிகேர் ஆய்வின்படி, அந்தக் கோடு உயராத வகை மாரடைப்பு மற்றவர்களைவிடச் சற்றே அதிகம். அந்த வகைக்கு யாரும் பதறி ஓடுவதில்லை. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், நாளைக்குப் பார்க்கலாம், மூட்டுவாத டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நேரம் போகும்.

வீடு திரும்பிய பிறகும் இதே குறைதான். டென்மார்க்கில் 2002 முதல் 2009 வரை முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தபோது, முடக்குவாதம் உள்ளவர்களுக்கு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் உள்ளிட்ட தடுப்பு மருந்துகள் தொடங்கப்படுவது மற்றவர்களைவிடக் குறைவு. ஆஸ்திரேலியாவிலும் அடைப்பைக் கரைக்கும் உடனடிச் சிகிச்சை முதற்கொண்டு இவர்களுக்குக் குறைந்தே கிடைத்தது. டென்மார்க்கில் மருத்துவரும் மருத்துவமனையும் இலவசம், மருந்துக்கு மட்டும் ஒரு பங்கு கட்ட வேண்டும். ஆகவே காசில்லாமை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஏற்கெனவே பத்து மாத்திரை, இன்னொன்று எதற்கு, கல்லீரல் என்ன ஆகும், முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டோடு ஒத்துவருமா என்ற தயக்கம்தான் எனக்குத் தெரிகிறது.

எதிர்ப்பக்கத்தில் வலுவான வாதமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நோய்க்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அழற்சி ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுக்கிறது, கொழுப்புப் படிவை வெடிக்க வைக்கிறது, ரத்தத்தை உறைய வைக்கிறது. சுவீடனில் முடக்குவாத நோயாளிகளின் மாரடைப்பு வரும்போதே கடுமையாக வருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு வேறொரு கூட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறது: அழற்சிதானே வில்லன், அதை அடித்துப் போட்டால் இதயம் தானே சரியாகும் என்று. அதுவும் அரைகுறை. 2017இல் வந்த கேன்டோஸ் சோதனையில் கனாகினுமாப் ஊசி, கொழுப்பைத் தொடாமலே, மறு மாரடைப்பு முதலானவற்றை 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்தச் சாவு குறையவில்லை. அடுத்து மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் 4,786 இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிர்ட் சோதனை கைவிரித்தது. அழற்சியை அடக்கும் கோல்ச்சிசின் மாத்திரை 2019இல் நம்பிக்கை தந்தது, 2024இல் 7,000 பேரிடம் செய்த பெரிய சோதனையில் ஏமாற்றியது. வேடிக்கை என்னவென்றால் சிர்ட்டில் முடக்குவாதமோ லூபஸோ உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அழற்சி மருந்து இதயத்துக்கு உதவுமா என்ற கேள்விக்கு, அழற்சியிலேயே வாழ்கிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு விடை தேடியிருக்கிறார்கள். மருந்துச் சோதனை வடிவமைப்பவர்களுக்கு இதில் காரணம் இருக்கும். நோயாளிக்கு அதனால் பயனில்லை.

நோயை விட்டுவிட்டு நோயாளியைக் கவனித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு குறிப்பு கிடைத்தது. முடக்குவாதம் உள்ள ஏறத்தாழ 3,000 பேரிடம் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சோதித்த டிரேஸ் ஆய்வை இடையிலேயே நிறுத்தவேண்டி வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மாரடைப்பு வரவில்லை என்பது காரணம். ஸ்டாட்டின் தரப்பில் 34 சதவீதம் குறைவு தெரிந்தாலும், நிகழ்வுகள் போதாததால் அது உறுதியாகவில்லை. ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று எதிர்த்தரப்பு இதைத் தன் பக்கம் இழுக்கலாம். அதிக ஆபத்துள்ளவர்களை அந்தச் சோதனை சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் படிப்பது இப்படி: நல்ல மருந்து, நெருக்கமான கண்காணிப்பு, ஒழுங்கான பின்தொடர்தல் கிடைத்த கூட்டத்தில், "விதி" என்று சொல்லப்பட்டது எதிர்பார்த்ததைவிடச் சின்னதாகிவிட்டது. பிரிட்டிஷ் பதிவேட்டில் டி.என்.எஃப். ஊசி எடுத்தவர்களுக்குப் பழைய மருந்து எடுத்தவர்களைவிட மாரடைப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்ததும் இதோடு சேர்கிறது.

வழிகாட்டிகளில் இதெல்லாம் எப்போதோ ஏறிவிட்டது. ஐரோப்பிய மூட்டுவாதச் சங்கம் முடக்குவாத நோயாளியின் இதய ஆபத்துக் கணக்கை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது. பிரிட்டனின் கியூரிஸ்க் கணக்கில் முதலில் முடக்குவாதம் சேர்ந்தது, 2017இல் லூபஸும் ஸ்டீராய்டும் சேர்ந்தன. அமெரிக்காவின் 2018 கொழுப்பு வழிகாட்டி, ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற அழற்சி நோய்களைச் சொல்கிறது. அதே பட்டியலில் தெற்காசிய வம்சாவளியும் இருக்கிறது. முடக்குவாதம் உள்ள ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அந்தத் தாளில் இரண்டு இடத்தில் குறி விழ வேண்டும். பெருக்க வேண்டியவர் யார்? மூட்டுவாத மருத்துவர் அது கார்டியாலஜி வேலை என்கிறார். கார்டியாலஜியில் மாரடைப்பு வரும் வரை இவரை யாரும் பார்ப்பதில்லை. வந்த பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியில் முடக்குவாதம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மூட்டு வலிக்கு இனி எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்தத் தாளில் எழுதுவதில்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது "நோயின் போக்கு அப்படி" என்று சொன்னால், திருப்பிக் கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. ஆஞ்சியோகிராம் செய்தார்களா? செய்யவில்லை என்றால் ஏன் என்று எழுதியிருக்கிறதா? ஸ்டாட்டின் தொடங்கப்பட்டதா, யாராவது நடுவில் நிறுத்தினார்களா? கடையில் வாங்கிய வலி மாத்திரை என்ன? ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடமாக? மூட்டுவாத மருத்துவருக்கு மாரடைப்புச் செய்தி போனதா? இவற்றுக்குப் பதில் வந்த பிறகு மீதி இருப்பதை நோயின் பெயரில் எழுதிக்கொள்ளலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.